மேற்கே இருந்து வந்த கை

சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்த நல்லம்மாளின் விரல்கள் அக்காளின் உச்சந்தலையைத் தாண்டியதும் நின்றுவிட்டன. மண்டையோடு இருக்க வேண்டிய இடத்தில் விரல் உள்ளே அமுங்கியது. கனிந்து விழுந்த கொய்யாப்பழத்தை அழுத்துவது போலிருந்தது. முடியை விலக்கிப் பார்த்தாள். ஒரு குழந்தையின் கைப்பிடி அளவுக்கு வீக்கம். அதன் மேல் தையல் போட்டு ஆறிய தழும்பு.

"ஏன் நிறுத்திட்டே? வெயில் ஏறுதுல்ல" என்றாள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த வள்ளியம்மா. அவள் பக்கத்து வீட்டுக்காரி.

"இது என்ன?"

"எது?"

"தலையில."

வள்ளியம்மா மற்ற பெண்களைப் பார்த்தாள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடுகளின் பின்னாலிருந்த பொதுக் குழாயடியில், நான்கு பக்கமும் பழைய சேலைகளைக் கட்டி மறைத்து, பெஞ்சியில் கிடத்தி, செத்துப்போன அக்காள் சீதாலெட்சுமியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மஞ்சள் இழைப்பதில் மும்முரமானார்கள்.

"கட்டி. ஆஸ்பத்திரியில கிழிச்சுப் பாத்தாங்க" என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு கேட்க விடாமல் வள்ளியம்மா ஒரு வாளித் தண்ணீரை அப்படியே தலையில் கவிழ்த்தாள். நுரை எல்லாம் போய்விட்டது.

நல்லம்மாள் இடது கையைத் தூக்கினாள். முழங்கைக்கு மேலே எலும்பு ஓர் இடத்தில் விலகி, மறுபடி கோணலாகச் சேர்ந்திருந்தது. கால்கள் இரண்டும் குச்சிகளாகச் சூம்பியிருந்தன. உடம்பெங்கும் தேடினாள். கன்றிய தடமோ, சூட்டுத் தழும்போ ஏதாவது கிடைக்கும் என்று மஞ்சள் பூசுகிற சாக்கில் ஒவ்வோர் இடமாகத் தடவினாள். அவளுக்குப் பழக்கமாயிருந்தது கழுத்தில் இருந்த கழலை மட்டும்தான். எலுமிச்சம்பழம் அளவாயிருந்தது, இப்போது சாத்துக்குடி அளவாகியிருந்தது. அது அக்காள் வயதுக்கு வந்த நாளிலிருந்து அங்கேயே இருந்தது.

டெங்கில் பக்கத்துத் தோட்டத்தில் அவர்கள் வளர்ந்தபோது அந்தக் கழலையைப் பார்த்துத்தான் வந்த மாப்பிள்ளைகள் எல்லாரும் வெற்றிலையை மட்டும் போட்டுக்கொண்டு எழுந்து போனார்கள். கன்னையா ஒருவன்தான் போகவில்லை. "தாலி கட்ட ஒரு சாண் எடம் இருந்தாப் போதாதா?" என்றான். தோட்டம் முழுக்கச் சிரித்தது. அக்காளும் சிரித்தாள். கல்யாணம் ஆகி, ரயில் பட்டறையில் சம்மட்டி அடிக்கும் அவனோடு கோலாலம்பூருக்கு வந்துவிட்டாள். பிள்ளை இல்லை. ஆனால் குறை என்று ஒரு சொல் அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

அதைத்தான் இப்போது நல்லம்மாளால் நம்ப முடியவில்லை. குறையே இல்லாத வாழ்க்கையா?

போன வருஷம் கை ஒடிந்தது என்று சேதி வந்து ஓடி வந்தபோது, "வாளி தூக்கினா, ஒடிஞ்சிருச்சு" என்றான் கன்னையா. ரப்பர்ப் பால் வாளி இரண்டைக் காண்டாக் கம்பில் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடந்த உடம்பு அது. ஒரு வாளித் தண்ணீருக்கா ஒடியும்? அக்காள் அன்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கேட்டதற்கெல்லாம் "ஆமா", "இல்ல" என்பதோடு சரி. தீபாவளிக்கு அதிரசம் சுட்டுக்கொண்டு வந்தபோது அதுவும் இல்லை. கன்னையா வாசற்படியில் நின்றான். "தூங்குறா. அப்புறமா வா" என்றான். உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. தூங்குகிறவள் கட்டில் அப்படிச் சத்தம் போடாது. நல்லம்மாள் எட்டிப் பார்க்கப் போனதும் அவன் கதவு நிலை முழுவதையும் அடைத்துக்கொண்டு நகர்ந்து நின்றான். சம்மட்டி பிடித்துக் காய்த்த கை, நிலையைப் பற்றியிருந்தது. அதிரசத் தூக்கைப் படியில் வைத்துவிட்டு அடுத்த ரயிலில் கிள்ளானுக்குத் திரும்பினாள். அந்தக் கையை அவள் மறக்கவில்லை.

புதுச் சேலை கட்டி, பொட்டு வைத்து, பிணத்தை முன்பக்கம் கொண்டுவந்தார்கள். லயத்துப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தன. நல்லம்மாள் கடந்து போனபோது ஒருத்தி தன் மகளைச் சட்டென்று இழுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். இன்னொருத்தி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இவர்கள் எல்லாருக்கும் என்னவோ தெரியும், அவனுக்காக மறைக்கிறார்கள் என்று நல்லம்மாள் நினைத்தாள்.

தூங்குமூஞ்சி மரத்தடியில் அண்ணன் நாகையா காத்திருந்தான். கப்பல்துறையில் மூட்டை தூக்குகிறவன். பண்டமாரானிலிருந்து விடியற்காலையே வந்துவிட்டான். சாவுச் சேதி கேட்டதிலிருந்து அவன் அழவில்லை. பல்லை மட்டும் கடித்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"சொல்லு."

"மண்டை ஒரு எடத்துல பஞ்சு மாதிரி கெடக்கு, அண்ணே. தையல் போட்டிருக்கு. கை ஒடிஞ்சு கோணலா சேந்திருக்கு. காலு ரெண்டும் வெளங்காமப் போயிருக்கு."

நாகையா தலையை மேலும் கீழும் ஆட்டினான். "சம்மட்டிக்காரன்" என்றான்.

"நாம கண்ணால பாக்கலியே."

"கண்ணால பாத்தவ அங்க படுத்திருக்கா. அவ எந்திரிச்சு வந்து சொல்லுவாளா?" அவன் குரல் எழும்பியது. "இன்னொண்ணு தெரியுமா ஒனக்கு? எரிக்கணுங்கிறான்."

நல்லம்மாள் திடுக்கிட்டாள். அவர்கள் பக்கம் எரிக்கிற வழக்கமே கிடையாது. அப்பன், ஆத்தாள், பாட்டன் எல்லாருமே மண்ணுக்குள்தான் போனார்கள்.

"ஏனாம்?"

"ஏன்னு கேட்டா குனிஞ்சுகிட்டு நிக்கிறான். குழியில வெச்சா எலும்பு இருக்கும்ல? நாளைக்கே யாராச்சும் தோண்டிப் பாத்தா ஒடைஞ்சது தெரியும்ல? நெருப்புல போட்டா எல்லாம் சாம்பல். நான் போலீசு ஸ்டேசனுக்குப் போறேன். மாத்தாமாத்தாவக் கூட்டியாந்து பொணத்தை நிறுத்துறேன்."

வீட்டு வாசலில் கன்னையா நின்றிருந்தான். சவரம் செய்யாத முகம். பச்சை மூங்கிலை இரண்டு பேர் வெட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தான். மச்சான் கத்தியது அவன் காதில் விழாமல் இருக்க வழியில்லை. திரும்பவில்லை. நல்லம்மாள் நேராக அவனிடம் போனாள்.

"எதுக்கு மாமா எரிக்கணும்?"

"அவ கேட்டா."

"அக்காளா கேட்டா? எதுக்கு?"

கன்னையா மூங்கில் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"தலையில என்ன?"

"ஆஸ்பத்திரி டிரெசர் விநாயகமூர்த்தி ஐயாவைக் கேளு. அவருதான் கூட இருந்து பாத்தாரு. நான் சொன்னா நீ நம்ப மாட்டே." கன்னத்தைத் தேய்த்தான். "நானே நம்பல, மொதல்ல."

அது ஒரு குற்றவாளியின் பேச்சாகவே அவளுக்குப் பட்டது. ஆனால் ஆஸ்பத்திரிக்காரர் ஒருவர் காயத்தைக் கண்ணால் கண்டிருக்கிறார் என்பது நல்ல சாட்சி. "நீ ஸ்டேசனுக்குப் போகாதே, அண்ணே. கொஞ்சம் பொறு. வெறுங்கையோட போனா நம்மளைத்தான் வெரட்டுவாங்க. நான் டிரெசரை இழுத்துக்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

யாழ்ப்பாணத்துக்காரர்கள் குடியிருந்த தெரு லயத்துக்கு அப்பால்தான். விநாயகமூர்த்தி வேலைக்குப் போக வெள்ளைக் காற்சட்டையும் கோட்டும் போட்டு, வாசலில் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நரைத்த மீசை. நெற்றியில் திருநீறு.

"ஆர் பிள்ளை நீர்?"

"சீதாலெட்சுமியோட தங்கச்சிங்க. கிள்ளான்லேர்ந்து வரேன்."

கயிறு கட்டிய கை நின்றது. அவர் நிமிர்ந்து அவளை ஒரு தரம் நன்றாகப் பார்த்தார். "ஓ, நீர்தானோ" என்றார்.

அந்த "நீர்தானோ" அவளுக்குப் பிடிக்கவில்லை. "எங்கக்கா எப்படிச் செத்தான்னு தெரியணும்" என்றாள்.

"புருஷன் சொல்லேல்லையோ?"

"அவரு சொல்றதை நாங்க நம்பலீங்க. மண்டையில அடி. கையில முறிவு. நீங்க பாத்திருக்கீங்க. வந்து சொல்லுங்க."

விநாயகமூர்த்தி பெருமூச்சு விட்டார். "அடியுமில்லை, கிடியுமில்லை. அவவின்ர கழுத்தில ஒரு கழலை இருந்ததெல்லோ, அதுதான் ஆளைக் கொண்டுபோனது."

"அது சின்ன வயசுலேர்ந்து இருக்குங்க. அதுவா கொல்லும்?"

"கனகாலம் சும்மா கிடந்தது. பிறகு கெட்டுப்போச்சு. புற்று. அதிலயிருந்து சின்னத் துணிக்கை துணிக்கையாக் கழண்டு, இரத்தத்தோட ஓடி, எலும்புகளுக்குள்ள போய்க் குடியிருந்து வளர்ந்திருக்கு. மண்டையில ஒண்டு. கையில ஒண்டு. முதுகெலும்பில வந்த பிறகுதான் கால் விளங்காமல் போனது."

நல்லம்மாள் அவர் கண்ணையே பார்த்தாள். பட்டறைக்காரனுக்கும் ஆஸ்பத்திரிக்காரருக்கும் என்ன பழக்கமோ. "கழுத்துல இருக்கிறது தலையில போயி எப்படிங்க முளைக்கும்?" என்றாள்.

"நானும் அப்பிடித்தான் கேட்டனான்." அவருக்குக் கோபம் வரவில்லை. "எங்கட துரை டாக்குத்தர் அந்த மண்டைக் கட்டியில கொஞ்சம் வெட்டி எடுத்து, கண்ணாடியில வைச்சுப் பார்த்தவர். என்னையும் கூப்பிட்டுக் காட்டினவர். கழுத்துக்குள்ள இருக்கிற சதை, பிள்ளை. அச்சொட்டா அதே சதை. தென்னையில பலாக்காய் காய்ச்ச மாதிரி. இவ்வளவு காலத்தில நான் கண்டதில்லை, அவரும் கண்டதில்லை. ஆள் உயிரோட இருக்கேக்க அது நாடி மாதிரித் துடிக்கும். கையை வைச்சால் தெரியும்."

"கை ஒடிஞ்சது?"

"உள்ளுக்குக் கறையான் திண்ட மரம். வாளி தூக்கேக்க முறிஞ்சது. அவன் அவவைத் தோளில போட்டுக்கொண்டு ஓடி வந்தவன்." சப்பாத்துக் கயிற்றை இழுத்து முடிந்தார். "ஒளிப்பானேன், நானும் அவனில சந்தேகப்பட்டனான். அடிச்சுப்போட்டு, விழுந்தது எண்டு கொண்டு வாற புருஷன்மாரை எவ்வளவு கண்டிருக்கிறம். அவனை வெளியில நிப்பாட்டிப்போட்டு, அவவைத் தனிய வைச்சு விசாரிச்சனான். அவர் ஒருநாளும் கை ஓங்கினதில்லை எண்டா. இது வேற ஆள் செய்தது எண்டா."

"வேற ஆளா? யாரு?"

விநாயகமூர்த்தி எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "அது நோய் வந்து கிடந்த வருத்தக்காரியின்ர பேச்சு. எனக்கு அதில வேலையில்லை. போலீசுக்கு வந்து சொல்லவேணுமெண்டால், வருத்தத்தைப் பற்றி வந்து சொல்லுறன். மற்றதை வீட்டில கேளும்."

திரும்பி நடந்தபோது வெயில் உறைத்தது. ரயில் கேட் அடைத்திருந்தது. சரக்கு வண்டி ஒன்று முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. நல்லம்மாள் அந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். வேற ஆள். மாமியார் செத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. நாத்தனார் ஊரில் இருக்கிறாள். அப்புறம் யார்? வள்ளியம்மா! தாலியறுத்தவள். கன்னையாவை "அண்ணே அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டு அந்த வீட்டு அடுப்படியில் காலையிலிருந்து எவ்வளவு உரிமையாகப் புழங்கினாள்! உப்பு எங்கே, புளி எங்கே என்று கேட்காமல் எடுத்தாள். தலைக் கட்டியைப் பற்றிக் கேட்டதும் வாளியைக் கவிழ்த்தாள். பால் எங்கேயோ பூனை அங்கே. அடிக்காமலும் ஒருத்தியைக் கொல்லலாம். சோற்றில் எதையாவது கலந்தால் போதும். டிரெசருக்கு அது தெரிந்திருக்காது, அல்லது தெரிந்தும் சொல்ல மாட்டார்.

கேட் திறந்ததும் அவள் ஏறக்குறைய ஓடினாள்.

வள்ளியம்மா அடுப்படியில் வாய்க்கரிசிக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நல்லம்மாள் கதவை உள்பக்கம் சாத்தினாள்.

"டிரெசரைப் பாத்துட்டு வரேன். எங்கக்கா ஒரு ஆளு பேரைச் சொன்னாளாமே? யாரு பேரு?"

"எனக்குத் தெரியாது."

"ஒனக்குத் தெரியும். காலையிலேர்ந்து நீங்க எல்லாரும் கூடிப் பேசிக்கிறீங்க, நான் வந்தா வாயை மூடிக்கிறீங்க. யாரு எங்கக்காளுக்கு எதைக் குடுத்தது? நீயா?"

முறத்தை வள்ளியம்மா கீழே வைத்தாள். முகம் சிவந்துவிட்டது.

"நானா? அவ மூத்திரத் துணியிலேர்ந்து அலசுனவ நானு. என்னையா கேக்குறே?" மூச்சு வாங்கியது. "சொல்ல வேணாம்னு அண்ணன் எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கியிருக்காரு. அதனால வாயை மூடிக்கிட்டிருந்தேன். இப்பச் சொல்றேன், கேட்டுக்க. ஒம்பேரைத்தான் சொன்னா. கிள்ளான்லேர்ந்து ஒரு கறுப்புக் களிம்பு கொண்டாந்து குடுத்தியே, கழுத்துல தடவச் சொல்லி? அதைத் தடவுனதுக்கு அப்புறந்தான் தலையில முளைச்சுது. செந்தூல்ல குறி கேட்டோம். மேற்கே இருந்து வந்த பொருளு, கூடப் பொறந்த கை கொண்டாந்ததுன்னு குறி சொல்றவரு சொன்னாரு. கிள்ளான் மேற்கேதானே இருக்கு? கூடப் பொறந்தவ நீதானே?"

நல்லம்மாள் தான் சாத்திய கதவில் முதுகைச் சாய்த்தாள்.

அது கிள்ளான் பாசாரில் ஒரு சீன வைத்தியரிடம் வாங்கிய களிம்பு. புருஷன் காய்கறிக் கடை போட்டிருந்த இடத்துக்கு எதிரில்தான் அவர் கடை. கழலைக்கு அது கைகண்ட மருந்து என்று பலரும் சொன்னார்கள். அக்காளுக்கு மூச்சு முட்டுகிறது என்று கேள்விப்பட்டு, ஆசையாக வாங்கி வந்து, தன் கையாலேயே முதல் தரம் தடவிவிட்டும் போனாள். அன்று அக்காள் அவள் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டு, குளுகுளு என்று இருக்கிறது என்றாள்.

"அதனாலதான் கதவைத் திறக்கலியா?" என்று நல்லம்மாள் கேட்டாள்.

"நீ வர்ற சத்தம் கேட்டாலே ஒடம்பு நடுங்கும் அவளுக்கு. உள்ள விடாதீங்க, விடாதீங்கன்னு அண்ணன் கையைப் புடிச்சுக்குவா. அவரு என்ன செய்வாரு?"

பின்கதவு திறந்திருந்தது. கன்னையா அங்கே நின்றான். எவ்வளவு நேரமாக நின்றானோ. வள்ளியம்மா அவனைப் பார்த்ததும் முறத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"நீங்களும் நம்புனீங்களா, மாமா?"

"இல்ல."

"அப்ப அவகிட்டச் சொல்லலியா? ஒன் தங்கச்சி அப்படிச் செய்ய மாட்டான்னு, டாக்டரு இப்படிச் சொல்றாருன்னு?"

"சொன்னேன். கழுத்துல இருக்க வேண்டிய கறி மண்டையில இருக்குதாம்னேன். அதைக் கேட்டதுக்கப்புறம்தான் அவ இன்னும் நம்புனா. மந்திரம் இல்லாம இது எப்படி நடக்கும்னா. எனக்குப் பதில் சொல்லத் தெரியல." அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். "ராத்திரியில அது துடிக்கும். தொட்டுப் பாருங்க, உசிரோட இருக்கும்பா. எங்க முளைக்கும்னு தெரியாத சனியன், என்னை மண்ணுல வெச்சா அங்கயும் முளைச்சுரும், நெருப்புல போட்டுருங்கன்னு கேட்டா. எத்தனையோ தரம் கேட்டா. நான் சரின்னுட்டேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே. நாங்க ஒங்களைச் சந்தேகப்பட்டோம். ஒங்களைக் கொலைகாரன்னு..."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"சொன்னா நீ வாசல்ல வந்து விழுந்து அழுவே. அவ திறக்க மாட்டா. ரெண்டு பேருக்கு நடுவுல நான் நின்னு என்ன செய்ய? நான் அடிச்சேன்னு நெனைச்சுக்கிட்டா, ஒனக்குக் கோவம் மட்டுந்தான் வரும்." 

வெளியே தப்பு அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். அவள் கடைசியாக ஒன்று கேட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம் என்று கேட்ட பிறகுதான் தோன்றியது.

"கடைசி வரைக்குமா, மாமா? சாகுறப்பவுமா அப்படி நெனைச்சா?"

கன்னையா மூங்கில் பிளாச்சு குத்தியிருந்த தன் உள்ளங்கையைப் பார்த்தான். சிலாம்பை நகத்தால் எடுக்க முயன்றான். வரவில்லை. அவளை நிமிர்ந்து பார்க்காமலே முன்பக்கம் போய்விட்டான்.

முன்பக்கம் நாகையா பாடையின் குறுக்கே நின்றுகொண்டிருந்தான். பிணத்தைத் தூக்கப் போனவர்களைத் தள்ளிவிட்டிருந்தான். லயம் முழுவதும் கூடிவிட்டது.

"எரிக்க விடமாட்டேன். எங்க பொண்ணு. போலீசு வந்து பாத்தப்புறம் மண்ணுல வெப்போம். எங்க அந்த டிரெசரு?"

"அவரு வரல, அண்ணே" என்றாள் நல்லம்மாள். "வர வேண்டியதில்ல. மாமா அடிக்கல. அது வியாதி. கழுத்துப் புத்து எலும்புக்குள்ள பரவி, எலும்பெல்லாம் உளுத்துப்போச்சாம். வாளி தூக்குனப்ப தானா ஒடிஞ்சுதாம். எரிக்கச் சொன்னது அக்காதான். எரிக்கட்டும்."

நாகையா அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"காலையில பஞ்சு மாதிரி இருக்குன்னே, கோணலா இருக்குன்னே. இப்ப வியாதிங்கிறே. என்ன குடுத்தான் ஒனக்கு? என்ன சொல்லி மயக்குனான்? அடுப்படிக்குள்ள ரெண்டு பேரும் என்ன பேசுனீங்க?"

"அண்ணே!"

"அடிக்காதவன் எதுக்குக் கதவை அடைச்சுக்கிட்டு நின்னான்? கூடப் பொறந்தவளைப் பாக்க விடாம எதுக்கு வெரட்டுனான்? அதைச் சொல்லு. அந்த ஒண்ணைச் சொல்லு, நான் நகந்துக்கறேன்."

தப்புச் சத்தம் நின்றுவிட்டது. கன்னையா முன்னால் வந்து, "மச்சான், போதும் விடுங்க. நான் அடிச்சதாவே இருக்கட்டும். ஸ்டேசனுக்குப் போங்க" என்றான்.

பெண்கள் எல்லாரும் நல்லம்மாளையே பார்த்தார்கள். வாயைத் திறக்காமல் இருந்தால் இவன் விலங்கு போட்டுக்கொண்டு போவான். அக்காளின் உடம்பை மறுபடி கிழிப்பார்கள். அவள் கேட்ட நெருப்பும் கிடைக்காது. வாயைத் திறந்தால் இந்தச் சொல் கிள்ளானுக்குப் போகும், பண்டமாரானுக்குப் போகும், அவள் வீட்டு வாசலில் வந்து உட்காரும்.

"கதவை அடைச்சது மாமா இல்ல" என்றாள். "அக்காதான். நான் வெச்சேன்னு நெனைச்சுட்டா. நான் குடுத்த களிம்புல செய்வெனை இருக்குன்னு. என்னை உள்ள விடாதீங்கன்னு அவதான் சொன்னா. இங்க எல்லாருக்கும் தெரியும். வேணும்னா கேட்டுப் பாரு."

நாகையா யாரையும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாதபடி அந்தப் பெண்களின் முகங்கள் இருந்தன. அவன் தங்கச்சியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பாடைக்கு முன்னாலிருந்து விலகி, மரத்தடிக்குப் போய்த் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு முதல் தடவையாக அழுதான்.

வாய்க்கரிசி போட எல்லாரும் வரிசையாக வந்தார்கள். நல்லம்மாளின் முறை வந்தபோது வள்ளியம்மா முறத்தை நீட்டினாள். ஒரு பிடி அள்ளினாள். அக்காளின் உதடு லேசாகத் திறந்திருந்தது. கையைக் கொண்டுபோனவள், அங்கே நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, அரிசியை அவள் நெஞ்சின் மேல் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

எரித்தார்கள்.

மறுநாள் பால் தெளித்து, சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டு ஆண்கள் வந்தார்கள். கன்னையா குளித்த ஈரத்தோடு வந்து நல்லம்மாளிடம், "ஒண்ணும் மிச்சமில்ல. சுத்தமா வெந்துருச்சு" என்றான். ஒரு வேலையைச் சரியாக முடித்துவிட்டவனின் குரல். அவளும் தலையை ஆட்டினாள். இனி அந்த வீட்டுக்கு வருவதற்குக் காரணம் ஒன்றும் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

மாலை ரயிலில் அண்ணனும் தங்கையும் கிள்ளானுக்குத் திரும்பினார்கள். மூன்றாம் வகுப்புப் பெட்டியில் கூட்டமில்லை. எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நாகையா வழக்கமாக ரயில் ஏறினால் வாய் ஓயாது. ஒவ்வொரு ஸ்டேசனிலும் யார் வீடு, யார் தோட்டம் என்று சொல்லிக்கொண்டே வருவான். இன்று வெளியே ஓடிய ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காலையிலேர்ந்து நீ ஒண்ணும் சாப்பிடல" என்றாள்.

"பசிக்கல."

ஏறுவதற்கு முன் ஸ்டேசன் வாசலில் வாங்கிய பருப்பு வடை ஒன்று அவளிடம் இருந்தது. வாழை இலைக் கிழிசலைப் பிரித்தாள். இன்னும் சூடு இருந்தது. அதை இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை அவனிடம் நீட்டினாள்.

"தின்னு, அண்ணே. வீட்டுக்குப் போக இருட்டிரும்."

அவன் வாங்கிக்கொண்டான். வாங்கி, கையிலேயே வைத்திருந்தான். நல்லம்மாள் தன் பாதியைக் கடித்து மென்றாள். பருப்பு தொண்டையில் கொஞ்சம் அடைத்துக்கொண்டு மெதுவாக இறங்கியது. நிமிர்ந்தபோது அண்ணன் ஜன்னலைப் பார்க்கவில்லை. அவள் விழுங்கி முடிக்கும் வரை அவள் கழுத்தையே பார்த்திருந்துவிட்டு, பிறகுதான் தன் பாதியை வாயில் வைத்தான்.